ஆறு அங்குலத்துக்கு மேல் கோதுமை

டிசம்பர் வந்தால் டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் எல்லா வீட்டு முன்புல்லும் காய்ந்து, வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். செத்துப்போகவில்லை, தூங்குகிறது என்பார்கள். தெரு முழுக்கத் தூங்கும் புல்லுக்கு முன்னால், தூக்கம் வராத என்ஜினீயர்கள் காலை நடை போவார்கள். காதில் மீட்டிங், கையில் நாய். போன டிசம்பரில் என் பக்கத்து வீட்டுப் புல் மட்டும் தூங்கவில்லை. விடிகாலையில் அதன் ஒவ்வொரு தாளிலும் ஒரு சொட்டுப் பனி உட்கார்ந்திருக்கும். வெயில் வந்து அந்தச் சொட்டுகளையெல்லாம் ஒரே மூச்சில் விளக்காக ஏற்றிவைத்ததும் முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களின் வயிறும் எரியும்.

"சார், புல் சீட்ஸ் எந்தக் கடைல வாங்கினீங்க? லிங்க் இருந்தா ஃபார்வர்ட் பண்ணுங்க" என்று எதிர்வீட்டு அங்கிள் கேட்டார். இந்த அங்கிள் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். என்னைவிட எட்டு வயதுதான் மூத்தவர். ஆனால் தலைவரானதும் அங்கிளாகிவிட்டார்.

"கடை இல்லீங்க. ஊர்ல இருந்து மூட்டைல கொண்டாந்தேன்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

ஊர் என்றால் கான்சஸ். அங்கே ஐம்பது வருடம் விவசாயம் பார்த்த அமெரிக்கர். வயது எழுபத்து நாலு, இரண்டு முழங்காலும் உலோகம். மனைவி இறந்த பிறகு, இங்கே நர்ஸாக இருக்கும் மகள், அவரையும் அவருடைய பழைய பிக்கப் டிரக்கையும் ஒன்றாகக் கிளப்பிக் கொண்டுவந்து எங்கள் பக்கத்து வீட்டில் நிறுத்தினாள். நிலம் தம்பி மகனிடம் போய்விட்டது. டிரக்கை கராஜில் விடலாம். அவரை எங்கே விடுவது என்றுதான் மகளுக்குத் தெரியவில்லை. அவரே ஒரு வாரம் யோசித்து, அக்டோபரில் ஒரு காலைப்பொழுது, முன்வாசல் புல்லை முழுக்கக் கொத்திப் புரட்டிப்போட்டு எதையோ விதைத்தார்.

அவருடைய ஆங்கிலம் மெதுவாக நடக்கும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு மரியாதையை இறக்கிவைத்துவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்தைத் தூக்குவார். நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரன். என் காதில் அது கொங்குத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் குடியிருப்புக்கு ஒரு வீட்டு உரிமையாளர் சங்கம் உண்டு. எச்.ஓ.ஏ. என்பார்கள். வேலியின் உயரம், கதவின் நிறம், குப்பைத்தொட்டி வெயில் காய வேண்டிய நேரம், எல்லாவற்றுக்கும் அதனிடம் விதி இருக்கிறது. ஒருமுறை, கூடைப்பந்து வளையத்தைப் பற்றிப் புகார் சொல்லப் போனேன். திரும்பி வரும்போது அதன் செயலாளராக இருந்தேன். எப்படி என்று இன்றுவரை தெரியவில்லை. விதி மீறியவர்களுக்கு நோட்டீஸ் எழுதுவது என் வேலை. நான் எழுதியதை ஒருவர் விடாமல் கடைசி வரிவரை படித்தார்கள் என்றால் அது அந்த நோட்டீஸ்கள்தான்.

ஜனவரியில் எச்.ஓ.ஏ. பக்கத்து வீட்டுக்கு 'இம்மாதத்தின் சிறந்த முன்வாசல்' பட்டம் கொடுத்தது. பாராட்டு வாசகம் நான் எழுதியது. அதில் மரகதம் வந்தது, கம்பளம் வந்தது, ஒழுக்கம்கூட வந்தது. பலகையை நானே கொண்டுபோய் அவர் வாசலில் நட்டேன்.

"ஏனுங் தம்பி, இதுக்கு நானென்ன பண்ணோணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். இப்படியே வச்சிருந்தா போதும்."

"இப்படியே வெக்கறது செரமமுங்க" என்றார். என்ன சிரமம் என்று நான் கேட்கவில்லை. பலகை நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதப் பொங்கலை எங்கள் தமிழ்ச் சங்கம் பிப்ரவரிக் கடைசியில் கொண்டாடும். பள்ளிக்கூடத்து உணவுக்கூடம் அப்போதுதான் கிடைக்கும். சூரியனும் அதற்கேற்ப அனுசரித்துக்கொள்ளும் என்று நம்புகிறோம். தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்பதால் பானை இண்டக்ஷன் அடுப்பில் ஏறும். அதுவும் சரியான பானை இல்லையென்றால் பீப் என்று ஒரு சத்தம் போட்டு அணைந்துவிடும். நாங்கள் பட்டு உடுத்திக்கொண்டு அந்த அடுப்பைச் சுற்றி நின்று, டிஜிட்டல் எண்கள் ஏறுவதைப் பார்த்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்துவோம். இந்தத் தடவை உழவர் திருநாளுக்கு நிஜமான ஓர் உழவரை மேடையேற்ற வேண்டும் என்று கமிட்டி முடிவுசெய்தது. நானூறு குடும்பங்கள் உள்ள சங்கத்தில் நிஜமான உழவர் ஒருவர்கூட இல்லை.

"உங்க பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்ட்ருவோம். பெர்ஃபெக்ட் கெஸ்ட்" என்றார் அங்கிள். "ஃபார்மருக்கு ஃபார்மர், ஆர்மிக்கு ஆர்மி. ஒரே பொன்னாடைல ரெண்டையும் முடிச்சுரலாம்."

ஆர்மி என்பதும் உண்மைதான். பத்தொன்பது வயதில் பட்டாளம் அவரைப் பிடித்துக்கொண்டு போய் வியட்நாமில் இறக்கியது. போர்வீரரைப் பார்த்தால் இங்கே உடனே நன்றி சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் கற்றுக்கொண்ட பழக்கம். அழைக்கப் போன அன்று அங்கிள் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

"நன்றியெல்லாம் எதுக்குங்க" என்றார் பெரியவர். "பொறந்த தேதிய வெச்சுக் குலுக்கல் போட்டாங்க. எம்பட தேதி விழுந்துச்சு. ரண்டு வருசம் லாரிக்கு அடில மல்லாக்கப் படுத்துக் கெடந்தேன், ஸ்பேனரோட."

அங்கிள் முகம் மலர்ந்துவிட்டது. "சேம் சேம் சார்! நாங்களும் லாட்டரில வந்தவங்கதான். எச் ஒன் பி விசா. ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்லயே செலக்ட் ஆயிட்டேன்."

"உங்குளுக்கு விழுந்தப்ப வீட்ல என்னுங்க பண்ணாங்க?"

"பெரிய பார்ட்டி சார். தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தோம்."

"எங்கம்மா மாட்டுக் கொட்டாய்ல போய் நின்னுக்கிட்டு அழுதுச்சுங்க" என்றார் பெரியவர். பிறகு, விழாவுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.

இரண்டு மணிக்கு என்றோம். அவர் ஒன்றே முக்காலுக்கு வந்தார். கமிட்டி மூன்றரைக்கு வந்தது. ஆறு மணிவரை அவர் முதல் வரிசையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பதினோரு சினிமா நடனங்களையும் ஒரு குத்துவிளக்கு மேல் இன்னொரு குத்துவிளக்கு விழுந்ததையும் பார்த்தார். இடையில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது அங்கிள் அவருக்கு எங்கள் பெருமையை விளக்கினார்.

"வீ ஆர் ஆல் ஃப்ரம் ஃபார்மிங் ஃபேமிலீஸ் சார். எங்க தாத்தாவுக்கு மட்டும் நாப்பது ஏக்கர். எல்லாம் நெல்லு."

"அவரே உழுவாருங்களா?"

"நோ நோ, ஆள் வச்சுத்தான்."

"அந்த ஆளுங்களோட பேரன் பேத்தி யாராச்சும் இங்க வந்திருக்காங்களா? பாத்தாப் பேசிட்டுப் போலாமுன்னு."

அங்கிள் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், உண்மையிலேயே தேடுகிறவர் போல. "சார், சாம்பார் வடை எடுத்துக்கோங்க. சூடா இருக்கு."

மேடையில் அவருக்கு மூன்று நிமிடம் என்று சொல்லியிருந்தோம். நேரம் ஓடிவிட்டதால் ஒரு நிமிடமாக்கினோம். அவர் மைக்கைத் தொடாமல் கேட்டார்: "இங்க எத்தன பேரு பயிர் பண்ணீருக்கீங்க?" கூடமே கை தூக்கியது, நான் உட்பட. "சொந்தக் கையில?" என்றார். கைகள் இறங்கின. பின்வரிசையில் ஒரே ஒரு கை மட்டும் நின்றது. அது பால்கனியில் கறிவேப்பிலை வைத்திருக்கும் ஒரு டாக்டருடையது. பெரியவர் அவருக்கு மட்டும் தலையசைத்துவிட்டு, பொன்னாடையை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு இறங்கிப்போனார். அடுத்து குலுக்கல் பரிசு.

மார்ச்சில் அந்தப் புல் எழுந்து நின்றது.

முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். ஏப்ரல் பிறந்ததும் ஒவ்வொரு தாளும் தன் உறையைப் பிளந்துகொண்டு ஒரு கதிரை வெளியே நீட்டியது. கதிரைச் சுற்றி வெளிச்சத்தில் செய்த மாதிரி மீசை. காற்று வந்தால் முன்வாசல் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து, அடுத்த மூச்சில் நிமிரும். பார்த்துக்கொண்டே இருந்தால் நிற்கிற வீடுதான் நகர்வதுபோல் இருக்கும். வாரத்துக்கு நான்கு நாள் சப்பாத்தி தின்கிறவன் நான். அது என்ன செடி என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு மாத விசாவில் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பஞ்சாபி அம்மாள்தான் நடைபாதையில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கதிரைத் தொட்டுச் சிரித்தார். சத்தமாக ஏதோ சொன்னார். பெரியவர் வாசலிலிருந்து ஏதோ பதில் சொன்னார். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. பத்து நிமிடம் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் நான் போய்க் கேட்டேன்.

"கோதுமைங்க" என்றார். "மொதல் நாள்ல இருந்தே கோதுமைதானுங்க. யாரும் கேக்கல."

அந்த வாரமே புகார் வந்தது. அனுப்பியவர் எதிர்வீட்டு அங்கிள். இணைப்பில் ஆறு புகைப்படங்கள், ஒன்றில் அளவுநாடா. நான் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"பர்சனலா எனக்கு ஹீ இஸ் லைக் காட்" என்றார். "பொன்னாடை போர்த்தினதே நான்தானே. ஆனா ஃப்ரண்ட் யார்ட்ல ஃபார்மிங்னா வீட்டோட ரீசேல் வேல்யூ என்னத்துக்காகறது? நாளைக்கு ஒருத்தர் கத்திரிக்கா போடுவார். அடுத்தவர் மாடு கட்டுவார். அப்புறம் நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க?"

விதி தெளிவாக இருந்தது. முன்புல்லின் உயரம் ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பதினான்கு நாளில் வெட்ட வேண்டும். இல்லையென்றால் எச்.ஓ.ஏ. ஆள் அனுப்பி வெட்டும். ஆட்சேபணை இருந்தால் அதற்குள் போர்டு கூட்டத்தில் வந்து சொல்லலாம். நான் நோட்டீஸ் எழுதினேன். மென்மையாகத்தான் எழுதினேன். அப்படி நினைத்துக்கொண்டேன்.

மாலையில் அவர் அந்தக் காகிதத்தோடு எங்கள் கதவைத் தட்டினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இத எழுதுனது நீங்களாமா?"

"ஆமா. ரூல் அப்படி."

"ரூல் இருக்கட்டுமுங்க. எனக்கு அஞ்சு வாரம் வேணும், அவ்வளவுதான். மே கடைசில அறுத்துப்போடுவேன். அப்பறம் உங்க புல்லையே பதிச்சுக்கறேன்." காகிதத்தை இரண்டாக மடித்தார். "விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து பட்டாளத்துல இருந்த ரண்டு வருசந்தானுங்க நான் அறுப்புக்கு இல்லாமப் போனது. அந்த ரண்டு வருசமும் எங்கப்பா ஒத்தையாளா அறுத்தாரு. இது கடைசியா இருக்கோணும், அடுத்த வருசம் இந்த முட்டி குனியாது. என்னால அறுக்க முடிஞ்சது இந்த வாசலுதான். இத அறுத்துட்டன்னா மனசு அடங்கீருமுங்க."

அவர் போன பிறகு எங்கள் வீட்டில் விசாரணை தொடங்கியது. பதினாறு வயது மகள் நோட்டீஸை வாங்கிப் படித்தாள். "அப்பா, தட்ஸ் லிட்டரலி ஃபுட். யூ டோல்ட் எ ஃபார்மர் டு கட் டவுன் ஃபுட்?" என்றாள். தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும், கல் மாதிரி.

மனைவி சென்னைக்காரி, கல்லைச் சுற்றிப் பூ வைக்கிற வழக்கம் கிடையாது. "நீ அந்த மீட்டிங்ல ஓட்டு போடப் போறியா, இல்ல வழக்கம்போல மினிட்ஸ் எழுதிட்டு வரப் போறியா?"

அந்த வாரம் முழுக்க நான் எச்.ஓ.ஏ. விதிப்புத்தகத்தைப் படித்தேன். எந்த இலக்கியத்தையும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. கடைசியில் கிடைத்தது. அலங்காரப் புல் வகைகளுக்கு உயர வரம்பு கிடையாது. தெருவில் பத்து வீடுகளில், யாருக்கும் எதற்கும் உதவாத, ஆளுயரத்துக்கு வெள்ளை இறகு வீசும் புதர்கள் நிற்கின்றனவே, அவற்றுக்காக எழுதிய விதி. தாவரவியல்படி கோதுமையும் புல்தான். நான் துள்ளிக் குதித்தேன்.

எச்.ஓ.ஏ. விசாரணை, நீச்சல் குளத்துக்குப் பக்கத்து அறையில் நடந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் என்னையும் சேர்த்து போர்டு உறுப்பினர்கள் ஐந்து பேர். எதிரே பெரியவர், மறுபடியும் முழங்காலில் தொப்பி. பின்னால் புகார்தாரராக அங்கிள். நான் எழுந்து அலங்காரப் புல் பற்றிப் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். அங்கிள்கூடத் தலையாட்டினார். போர்டின் தலைவி, வீட்டுமனைத் தரகு செய்யும் ஒரு டெக்சாஸ் அம்மாள், சிறிது யோசித்துவிட்டு, சரி, ஆனால் ஒரு நிபந்தனை என்றார். முன்வாசலில் விவசாயம் கூடாது என்று வேறொரு விதி இருக்கிறது. ஆகவே இது பயிர் அல்ல, அலங்காரம் மட்டுமே, அறுவடை செய்ய மாட்டேன் என்று உரிமையாளர் தரப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

ஐந்துக்கு ஐந்து ஓட்டு. என் கையும் அதில் ஒன்று. நானே அங்கேயே மடிக்கணினியில் அடித்து, அச்செடுத்து, பேனாவோடு கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். என் முகத்தில் வெற்றி வழிந்திருக்கும்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். பிறகு மறுபடியும் மேலிருந்து.

"அறுக்கக் கூடாதுன்னு இருக்குதுங்களே."

"ஆமா. ஆனா நிக்கலாம். இனி யாரும் வெட்டச் சொல்ல முடியாது."

"நின்னு?"

"நின்னா… பாக்க நல்லா இருக்கும்."

"காஞ்சு, மணி கொட்டி, எலி திங்குமுங்க."

நான் குனிந்து அவர் காதோரம் சொன்னேன். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கைவந்த யோசனைதான். கம்ப்யூட்டர் திரையில் நாற்பது பக்க நிபந்தனை வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஒரே நொடியில் சம்மதம் என்று அழுத்திவிட்டு மேலே போவோம். "சும்மா போட்டுக் குடுத்துருங்க. மே மாசம் யார் வந்து பாக்கப் போறாங்க? நான்தானே செகரட்டரி. கண்டுக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ ஒரு பழைய டிரக்கின் அடியில் படுத்துக்கொண்டு, கோளாறு எந்த இடத்தில் என்று தேடுகிற பார்வை.

"பத்தொம்பது வயசுல பட்டாளத்துக்காரங்க நீட்டுன ஒரு காயிதத்துல படிக்காமக் கையெழுத்துப் போட்டேனுங்க. அதுக்கப்பறம் படிக்காம எதுலயும் போட்டதில்ல. இது படிச்சுட்டேன்." காகிதத்தை என் பக்கம் திருப்பி, பேனாவை அதன்மேல் நேராக வைத்தார். எழுந்து, அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

பதினான்கு நாளில் நான்கு பாக்கி இருந்தது. நான் நிபந்தனையைத் திருத்தச் சொல்லலாம், அவகாசம் கேட்கலாம், என் ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு மின்னஞ்சலாவது அனுப்பலாம். அனுப்புவதற்கு மூன்று வரைவுகள் எழுதினேன். மூன்றும் நடையில் சிறப்பாக இருந்தன. மனைவி தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "அனுப்பிட்டியா?" என்றாள். "இன்னும் பாலிஷ் பண்ணணும்" என்றேன்.

சனிக்கிழமை காலை அவர் கராஜிலிருந்து நீளக் காம்பு போட்ட அரிவாளை எடுத்து வந்தார். புல்வெட்டும் இயந்திரத்தில் வெட்டினால் தூளாகிவிடும், மாட்டுக்கு ஆகாது என்று மகளிடம் சொன்னாராம். ஊருக்கு வெளியே பசு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். இடுப்பைத் திருப்பி அரிவாளை வீசினார். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு அரைவட்டம் பச்சையாகச் சாய்ந்தது. முழங்கால் மடங்காததால் நின்ற வாக்கிலேயே திரும்பித் திரும்பி. தெருவில் நடை போனவர்கள் நின்று வீடியோ எடுத்தார்கள். நான் போய் அள்ளிக் கட்ட உதவினேன். இரண்டாவது கட்டில் தும்மல் வந்தது, நான்காவதில் கண் வீங்கியது. உள்ளே போய் ஒவ்வாமை மாத்திரை போட்டுக்கொண்டு வந்தேன்.

பத்து மணிக்கெல்லாம் வாசல் ஆறு அங்குலத்துக்குக் கீழே வந்துவிட்டது. எதிர்வீட்டு அங்கிள் காரைப் பின்னால் எடுத்தபடி கண்ணாடியை இறக்கி, "லுக்ஸ் வெரி நீட், சார்!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பெரியவரும் கையைத் தூக்கினார். கான்சஸில் தெருவில் போகிற எல்லோருக்கும் கை தூக்குவார்களாம்.

பிறகு படியில் உட்கார்ந்து, கட்டிலிருந்து ஒரு கதிரை உருவினார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, உமியை ஊதினார். பச்சை மணிகள். ஒன்றை நகத்தால் அழுத்தியதும் வெள்ளையாகக் கசிந்தது.

"பால் புடிச்சிருச்சுங்க" என்றார். பாதியை என் கையில் கொட்டினார்.

மென்றேன். பச்சை வாசனை, அதற்கடியில் இனிப்பு.

"எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்கு."

"அலங்காரத்துக்கு இம்புட்டு ருசி எதுக்குங்க, தம்பி?"

எச்.ஓ.ஏ. மென்பொருளில் அந்தக் கோப்பை மூட வேண்டும். திங்கட்கிழமைதான் கெடு. எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் மகள் வாசலுக்கு வந்து, எல்லாம் டிரக்கில் ஏற்றியாகிவிட்டதா என்று கேட்டாள். இன்னும் நாலு கட்டு பாக்கி என்று சொல்லிவிட்டு அவர் கையை ஊன்றி எழப் பார்த்தார். முதல் தடவை முடியவில்லை. நான் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். நாலு கட்டையும் நானே தூக்கிக்கொண்டுபோய் டிரக்கில் போட்டேன், தும்மிக்கொண்டே. ஐந்து வாரம் கேட்டவருக்கு என்னால் கொடுக்க முடிந்தது கால்மணி நேரம்.